பெட்டி மட்டும் ஊருக்குப் போகிறது: வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்கள்

[திரையில்: இடுப்பளவு உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டி. சுற்றிச் சுற்றி டேப். மேலே மார்க்கரில் பெயரும் ஊரும்.]

வணக்கம். இந்த மாதிரி ஒரு பெட்டியை துபாயில் பார்க்கலாம், ரோமில் பார்க்கலாம், லாஸ் ஏஞ்சலஸில் பார்க்கலாம். பிலிப்பினோக்கள் பிழைக்கப் போன ஊர்களிலெல்லாம் இது இருக்கும். பாலிக்பாயன் பாக்ஸ் என்று பெயர். ஊர் திரும்புகிறவர் கொண்டுவரும் பெட்டியாகத்தான் இது தொடங்கியது. இன்று பெரும்பாலும் பெட்டி மட்டும் போகிறது. அனுப்பியவர் வேலை பார்க்கும் நாட்டிலேயே இருக்கிறார்.

வெளிநாட்டில் ஒரு பிலிப்பினோ எப்படிப் பிலிப்பினோவாக இருக்கிறார்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். நடனம், உடை, உணவு என்று தொடங்குவதுதான் வழக்கம். பெட்டியிலிருந்து தொடங்கினால் இன்னும் தெளிவாகப் புரியும் என்பது என் எண்ணம்.

[திரையில்: பெட்டிக்குள் அடுக்கும் கைகள்.]

கப்பலில் போகும் பெட்டிக்குப் பொதுவாக எடை பார்ப்பதில்லை. பெட்டியின் அளவுக்கு ஏற்ப ஒரே கட்டணம். அதனால் விரல் நுழையும் இடைவெளிகூட விடாமல் அடைப்பார்கள். அடியில் கார்ன்டு பீஃப், ஸ்பாம் என்று டின்னில் அடைத்த இறைச்சி டப்பாக்கள். ஓரங்களில் அடிபடாமல் இருக்கத் துண்டும் பெட்ஷீட்டும். ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டித் திணிப்பார்கள். ஷாம்பு பாட்டில் மூடிக்கு மேல் தனியாக டேப். சோப்பையும் சாக்லேட்டையும் பக்கத்தில் வைக்கவே மாட்டார்கள். வாரக்கணக்கில் கன்டெய்னருக்குள் கிடந்தால் சாக்லேட்டில் சோப்பு வாசம் ஏறிவிடும். அப்புறம் இது அம்மாவுக்கு, இது பெரிய மகனுக்கு, இது பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுவார்கள்.

ஒரே நாளில் நிறைகிற பெட்டி இல்லை இது. மாதக்கணக்கில் வீட்டு மூலையில் திறந்தபடி நிற்கும். கடையில் எதற்காவது தள்ளுபடி போட்டால் ஒன்று வாங்கி உள்ளே போடுவார்கள். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், பண்டிகைக்குள் கிடைக்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். மகளுக்கு இப்போது என்ன சைஸ் செருப்பு என்று தெரியாமல், காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லும் அம்மாக்கள் உண்டு. அருகில் இருந்து வளர்க்க முடியாத பிள்ளையின் அளவை அவர்கள் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பழக்கம் தானாக முளைத்ததில்லை. 1972-ல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே, வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து போகச் சலுகைகள் கொடுத்து ஒரு திட்டம் தொடங்கினார். 1974-ல் வந்த தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. உள்ளூரில் வேலை இல்லை, வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் கொட்டுகிறது. கணக்கு சுலபமாக இருந்தது. கொஞ்ச காலத்துக்கு என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் அது நிற்கவில்லை. 1987-ல் அதிபர் கோரி அக்கினோவின் அரசு, வெளிநாட்டிலிருந்து வரும் இந்தப் பெட்டிகளுக்கு வரிவிலக்கு கொடுத்தது. அதோடு பெட்டி வியாபாரம் சூடுபிடித்தது.

[திரையில்: ஹாங்காங், சென்ட்ரல் பகுதி. ஞாயிற்றுக்கிழமை.]

சரி, இப்போது ஹாங்காங். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள், அநேகமாக எல்லோரும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பகுதிக்குப் போனால் சேட்டர் ரோட்டில் வண்டிகள் ஓடாது. அட்டைகளைப் பிரித்துத் தரையில் விரித்து, சுற்றிலும் இடுப்பளவு மறைப்பு வைத்து, செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, உள்ளே வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தோழிக்கு முடி வெட்டிவிடுவார், ஒருவர் நகத்துக்குச் சாயம் பூசுவார். நடுவில் பான்சிட் நூடுல்ஸ், அடோபோ கறி, சோறு. எச்.எஸ்.பி.சி வங்கிக் கட்டடத்தின் அடித்தளத் திறந்தவெளியிலும் இதே காட்சி. சற்று தள்ளி வேர்ல்டு-வைடு ஹவுஸ் என்ற கட்டடத்தில் பணம் அனுப்பும் கவுன்ட்டர்களும் பிலிப்பைன்ஸ் மளிகைக் கடைகளும். பெட்டி கட்டுவதும் அதே நடைபாதையில்தான்.

ஏன் தெருவில்? பார்க் பிடிக்கும், கூட்டம் பிடிக்கும் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது ஹாங்காங்கின் விதி, 2003 முதல் கட்டாயம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு நாளில் போய் உட்கார ஓர் அறையை யாரும் கொடுப்பதில்லை. ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. மற்ற வெளிநாட்டவர் ஏழு ஆண்டு தங்கினால் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்கு அது கிடையாது என்று 2013-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு உழைத்தாலும் அந்த ஊர் அவர்களுடையது ஆகாது.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஒருவர் வெளிநாட்டில் எந்த மாதிரிப் பிலிப்பினோவாக இருக்கிறார் என்பதை, அவரது மனசைப் போலவே அந்த நாட்டின் விசா விதியும் தீர்மானிக்கிறது. தங்கவிடாத நாட்டில் எல்லாமே ஊரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. சென்ட்ரலில் மாகாணவாரியாக, ஊர்வாரியாகக் கூடுகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள், அழகிப் போட்டி நடத்துகிறார்கள். தங்களுக்குள் பாலுவாகன் போடுகிறார்கள். அது நம்ம ஊர்ச் சீட்டுதான், ஆளுக்கு இவ்வளவு போட்டு முறை வைத்து ஒருவர் எடுப்பது. எடுத்த பணம் ஊரில் வீட்டுக் கூரையாகவோ தம்பியின் கல்லூரிக் கட்டணமாகவோ மாறிவிடும்.

[திரையில்: நட்சத்திர வடிவில் மின்னும் பாரோல் விளக்குகள்.]

கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் திருப்பலி, சிம்பாங் கபி, ஊரில் விடியலுக்கு முன்பே நடக்கும். வயலுக்குப் போகிறவர்கள் கலந்துகொள்ள வசதியாக வந்த நேரம் அது. வெளிநாட்டில் பல இடங்களில் வேலை முடிந்த பிறகு மாலையில் வைக்கிறார்கள். 2019 டிசம்பர் 15 அன்று ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் போப் பிரான்சிஸே அங்குள்ள பிலிப்பினோ மக்களோடு அதை நிறைவேற்றினார். ரோமின் வீடுகளில் துடைத்துப் பெருக்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அன்று அந்தப் பேராலயத்தில் நிறைந்திருந்தார்கள்.

[திரையில்: கலிபோர்னியா, திராட்சைத் தோட்டங்கள்.]

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே குடியேற முடிந்தது, ஆனால் முதலில் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1906-ல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு 15 பேர் போனார்கள். அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் காலனி. பின்னால் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கலிபோர்னியாவுக்குப் போய் அஸ்பாரகஸும் திராட்சையும் அறுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணைத் திருமணம் செய்யக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. பிலிப்பினோப் பெண்களோ அங்கே மிகக் குறைவு. பலர் தனியாளாகவே முதுமை அடைந்தார்கள். அவர்களை இன்றும் மானோங், அதாவது அண்ணன், என்று மரியாதையோடு சொல்கிறார்கள்.

1965 செப்டம்பர் 8. டெலானோ என்ற ஊரில் இந்த மானோங்குகள் லாரி இட்லியோங் தலைமையில் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளர்கள் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டு போராடி 1970-ல் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஊரின் பிலிப்பினோ சமூகக் கூடமே போராட்டக் கூடமாகவும் சமையற்கூடமாகவும் இருந்தது. ஆனால் உலகத்துக்குத் தெரிந்த பெயர் சாவேஸ் மட்டும். தங்கள் தாத்தாக்கள் தொடங்கிய போராட்டத்தைப் பாடப்புத்தகத்தில் தேடிய பேரப்பிள்ளைகள் அதில் அவர்களைக் காணவில்லை. கேட்டுக் கேட்டுத்தான், அந்தப் பங்கைப் பள்ளியில் சொல்லித்தர வழிசெய்யும் சட்டம் 2013-ல் கலிபோர்னியாவில் வந்தது.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அடையாளம் என்பது தேடிப் பிடிக்கிற விஷயம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஆண்டுதோறும் பிலிப்பினோ கலாசார இரவு நடத்துகிறார்கள். மூங்கில் கழிகளுக்கு நடுவே ஆடும் டினிக்லிங்கை அங்கேதான் பலர் முதல்முறை கற்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தாகாலோக் மொழி புரியும், பேச வராது. பாட்டியின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கும் வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. இவர்களைப் பாதிப் பிலிப்பினோ என்று ஊரில் இருப்பவர்கள் சொல்வது நியாயமில்லை. கற்றுக்கொள்ள யாரும் கட்டாயப்படுத்தாத ஊரில் விரும்பிக் கற்கிறார்கள்.

[திரையில்: மணிலா விமான நிலையம், தள்ளுவண்டிகளில் பெட்டிகள்.]

தாய்நாடு இவர்களுக்கு என்ன செய்தது? 2003-ல் வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கவும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பழையதைத் திரும்பப் பெறவும் சட்டங்கள் வந்தன. இவர்களைப் புதிய நாயகர்கள் என்று 1980-களிலிருந்தே தலைவர்கள் புகழ்ந்து வருகிறார்கள். 2023-ல் இவர்கள் வங்கிகள் வழியாக ஊருக்கு அனுப்பியது 3,300 கோடி டாலருக்கும் மேல். நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ எட்டு சதவீதம்.

அதே நாயகர்களின் பெட்டிகளை, கடத்தலைப் பிடிக்கிறோம் என்று 2015 ஆகஸ்டில் சுங்கத் துறை திறந்து சோதிக்கப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு சாக்லேட்டிலும் பெயர் எழுதி அடுக்கியதை யாரோ கலைப்பார்களா என்று ஹாங்காங்கிலிருந்து வளைகுடா வரை கொதித்தார்கள். ஒரு நாள் பணமே அனுப்பாமல் இருப்போம் என்று அழைப்பு பரவியது. சில நாட்களிலேயே அதிபர் பெனிக்னோ அக்கினோ கண்டபடி திறக்கக் கூடாது, முதலில் எக்ஸ்ரேயில் பாருங்கள் என்று உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு வந்த புதிய சுங்கச் சட்டத்தில், வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்கள் ஆண்டுக்கு மூன்று முறைவரை, 1,50,000 பேசோ மதிப்புக்குள், வரியில்லாமல் ஊருக்கு அனுப்பலாம் என்று எழுதப்பட்டது.