அப்பாவுக்குச் சுகர், பெரியப்பாவுக்கு இல்லை! ஏன்? | குளத்தங்கரையில் ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? காற்று அதிகம், மைக்கில் துண்டைச் சுற்றியிருக்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் நிற்கிறேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்கிற குளம். பிசான நெல் நடவு முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

அப்பாவுக்கு 40 வயதிலேயே சுகர் வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு அண்ணாச்சி, "அல்வா ஊர்க்காரனுக்கு வராம வேற யாருக்குவே வரும்" என்றார். சரி, அப்படியானால் பெரியப்பா? அதே வீடு, அதே சொதிக்குழம்பு. 72 வயதில் இன்றைக்கும் காப்பிக்கு இரண்டு கரண்டி சீனி. அவருக்குச் சுகர் இல்லை. தொந்தியும் அவருக்குத்தான், அப்பா ஒல்லி.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதற்குள் கிட்டத்தட்ட 10 லட்சம் குட்டித் திட்டுகள். 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கண்டு எழுதியவை. அந்தத் திட்டுகளில் இருக்கிற பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரப்பவை. சர்க்கரை உள்ளே போனதும் செல்லுக்குத் தெம்பு ஏறும், பொட்டாசியம் கதவு மூடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும்.

இன்சுலினுக்கான ஜீன், 11-ஆவது குரோமோசோமில், தோல் செல்லிலும் மூளை செல்லிலும்கூட இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது மூடிக் கிடக்கும். அது எப்படி என்று கேட்டால், கேமராவைத் திருப்புகிறேன், இதைப் பாருங்கள்.

இது மடை. இரண்டு பக்கக் கல்லிலும் காடி வெட்டி, அதில் பலகை சொருகியிருக்கிறார்கள். இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும். பலகையில் பாசி, ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டுக் கசிவு. குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, இந்தப் பக்கத்து வயலுக்கு இப்போது இல்லை. ஜீனின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதித் துண்டு ஒட்டுவதும் ஏறக்குறைய இந்தப் பலகை மாதிரிதான். ஜீனில் வரிசையாக நிற்கிற டிஎன்ஏ எழுத்து மாறாது, வேலை மட்டும் அடங்கிவிடும். இதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள்.

எழுத்தே மாறுவதும் உண்டு. டிசிஎஃப்7எல்2 என்ற ஜீனுக்கும் சுகருக்கும் தொடர்பு இருப்பதை 2006-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு எழுத்து மாறி வந்தால் சுகர் வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் வந்தால் இரண்டு மடங்கு அளவுக்குப் போகும். அது உடம்பைக் குண்டாக்குவதில்லை, இன்சுலின் சுரப்பைத்தான் குறைக்கிறது. ஒல்லியான அப்பாவை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, அந்த எழுத்து, புரதத்தை எப்படிச் செய்வது என்று ஜீன் சொல்கிற குறிப்புக்குள்ளேயே இல்லை. சுகரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், அந்தக் குறிப்புக்கு வெளியே, மடை இருக்கிற பக்கமாகக் கிடக்கின்றன.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். சி, ஜி என்ற இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வருகிற இடத்தில்தான் மெத்தில் பெரும்பாலும் உட்காரும். அதுதான் காடி. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் சுகரோடு தொடர்புள்ள 40 எழுத்து மாற்றங்களை எடுத்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள்: 19 மாற்றங்கள் அப்படி ஒரு காடியைப் புதிதாக வெட்டுகின்றன, அல்லது இருந்ததை அழிக்கின்றன. ஆக, பிறவியில் வந்ததா வாழ்க்கையில் வந்ததா என்ற சண்டையே பாதி வீண்! பலகை எங்கே உட்காரலாம் என்பதையே பிறவி தீர்மானிக்கிறது.

அதே லுண்ட்காரர்கள் 2012-இல் உறுப்புக் கொடையாளர்களின் கணையத் திட்டுகளைப் பார்த்தார்கள். பீட்டா செல்லை பீட்டா செல்லாக வைத்திருக்கிற பிடிஎக்ஸ்1 என்ற ஜீனில், சுகர் இருந்தவர்களுக்கு மெத்தில் கூடுதல். ஆய்வகத்தில் வளர்த்த செல்களுக்குச் சர்க்கரையை ஏற்றினாலும் அது கூடியது. அதாவது சர்க்கரை ஏற ஏற, அதை இறக்க வேண்டிய செல்லின் மடையே அடைபடுகிறது.

வயிற்றில் இருக்கும்போதும் இது தொடங்கலாம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி. அப்போது கருவில் இருந்தவர்களை 50 வயது வாக்கில் சோதித்தபோது சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது. அப்பா வயிற்றில் இருந்த வருஷம் கூழைக் குடித்தே கிடந்ததாக ஆச்சி சொல்வாள். ஒரு ஆளைக் காட்டி இதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கூழ் என் நினைவை விட்டுப் போகவில்லை.

ஆசைப்பட்டு ஒரு இடத்தில் 8,000 ரூபாய் கட்டி ஜீன் டெஸ்ட் எடுத்தேன். "ஆபத்து சராசரியைவிடச் சற்று அதிகம்" என்று வழவழ தாளில் அடித்துக் கொடுத்தார்கள். ஆச்சி இருந்தால் சும்மாவே சொல்லியிருப்பாள். பிறந்து ஆறு மாதத்துக்குள் சுகர் வருகிற குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களில் பலருக்கு அந்தப் பொட்டாசியம் கதவின் ஜீனில்தான் கோளாறு. 2004-இல் அது தெரிந்த பிறகு, ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறிய குழந்தைகள் நிறைய. அங்கே டெஸ்டுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

இதோ, மடை பார்க்கிற அண்ணாச்சி வந்துவிட்டார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பலகையை உருவணும்" என்கிறார். இனித் தண்ணீர்ச் சத்தத்தில் நான் பேசுவது கேட்காது. அடுத்த வீடியோவில் பெரியப்பாவை உட்கார வைக்கிறேன். ஒத்துக்கொண்டார், ஆனால் காப்பியைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாதாம்.