கலோரியில் காணாமல் போன ‘கிலோ’

[திரையில்: அரை லிட்டர் பாட்டில், உள்ளே ஐஸ் தண்ணீர்]

இந்த பாட்டிலைக் குடித்து முடித்தால் 18,500 கலோரி கரையும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? பெருக்கலில் பிழையே இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஒரு கலோரி வேண்டும். இங்கே 500 கிராம் தண்ணீர், 0 டிகிரியிலிருந்து உடலின் 37 டிகிரிக்கு வர வேண்டும். 500 பெருக்கல் 37, ஆக 18,500. ஆனால் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடுவதே சுமார் 2,000 கலோரி என்கிறோமே! ஒரு பாட்டில் தண்ணீரில் ஒன்பது நாள் சாப்பாடு கரைந்துவிடுமா?

கரையாது. ஒரே பெயரில் இரண்டு கலோரி இருப்பதுதான் சிக்கல்.

[திரையில்: ஒரு சின்னத் துளி, பக்கத்தில் ஒரு லிட்டர் ஜாடி]

இயற்பியல் பாடத்தில் வருவது சின்னக் கலோரி. உணவுக்குச் சொல்வது கிலோ கலோரி, அதாவது ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் அளவு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆங்கிலத்தில் உணவுக் கலோரியைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அங்கேயே பலர் அதைப் பின்பற்றுவதில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. இருந்த ஒரே அடையாளமும் நம் எழுத்துக்கு வரும்போது போய்விடுகிறது. அதனால் உணவைப் பற்றி எழுதுகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: ‘கிலோ கலோரி’ என்று முழுசாக எழுதுங்கள். இரண்டே எழுத்துதான் கூடுதல்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். 18,500-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 18.5 கிலோ கலோரி. 5 கிராம் சர்க்கரை வாயில் போட்டால் 20 கிலோ கலோரி உள்ளே வந்துவிடும்.

[திரையில்: கயிற்றில் இறங்கும் எடைகள், தண்ணீருக்குள் சுழலும் துடுப்புகள்]

அப்புறம் ஜூல். இதுவும் ஆற்றலை அளக்கும் அலகுதான், ஓர் இயற்பியலாளரின் பெயர். 1840-களில் அந்த ஜேம்ஸ் ஜூல், எடைகளைக் கீழே இறங்கவிட்டுத் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழல வைத்தார். தண்ணீர் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் சூடேறியது. அதையும் விடாமல் அளந்தார். வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று அதிலிருந்து காட்டினார். இன்று ஒரு கலோரி என்பது 4.184 ஜூல். 4.1868 என்றும் ஒரு வரையறை உண்டு, உணவுக் கணக்குக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை.

[திரையில்: உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம் பெரிதாகிறது. ‘1,046 கிலோ ஜூல் / 250 கிலோ கலோரி’]

இந்த வரியைப் பார்த்து ‘ஐயோ, ஆயிரம் கலோரியா!’ என்று பயப்பட வேண்டாம். ஒரே ஆற்றலைத்தான் இரண்டு அலகில் எழுதியிருக்கிறார்கள். கால்குலேட்டர் இல்லாமல் மாற்ற ஒரு வழி: 250-ஐ நாலால் பெருக்குங்கள், 1,000. அதில் இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், 1,050. சரியான விடையிலிருந்து நாலே கிலோ ஜூல்தான் தள்ளி நிற்கிறது. திரும்பி வர, நாலால் வகுத்து இருபதில் ஒரு பங்கைக் கழித்தால் போதும்.

சில பொட்டலங்களில் இந்த இரண்டு எண்களும் 4.184-க்கு அச்சாகப் பொருந்தாது. கவலை வேண்டாம். கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கிலோ கலோரி என்று கணக்கிடுவார்கள். கிலோ ஜூலில் அது 37.7 வர வேண்டும், பல நாடுகளின் லேபிள் விதிகளில் 37 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கிலோ கலோரி, 17 கிலோ ஜூல்.

[திரையில்: நடந்துபோகும் ஒரு உருவம், நெஞ்சில் ஒரு பல்பு]

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். 2,000 கிலோ கலோரி என்பது 8,368 கிலோ ஜூல். ஒரு நாளின் 86,400 வினாடிகளுக்கு அதைப் பங்கிட்டால் வினாடிக்குச் சுமார் 97 ஜூல், அதாவது 97 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று, இரவும் பகலும் அணையாமல் உங்களுக்குள் எரிகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் நாளுக்கு 2.3 யூனிட். தூங்கும்போது அந்த பல்பு சற்று மங்கும், மாடிப்படி ஏறும்போது பளீரென்று எரியும்.