ட்வின்செட்டுக்கு மாறும்போது எந்த ரெகுலேட்டர்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "இப்ப ஒத்தை சிலிண்டர்ல டைவ் பண்றேன். யோக் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர் வால்வுல மாட்டி அழுத்தத்தைக் குறைக்கிற பாகம்) ஒண்ணு, ஆக்டோபஸ் (உபரி செகண்ட் ஸ்டேஜ், அதாவது வாயில வெச்சு மூச்சு விடுற பாகம்) ஒண்ணு இருக்கு. அடுத்து ட்வின்செட்டும் (ரெண்டு சிலிண்டரை இணைச்ச செட்) டெக்கோ டைவிங்கும் (மேல வரும்போது நடுநடுவே நின்னு வர்ற டைவிங்) கத்துக்கப் போறேன். இருக்கிறதே போதுமா, புதுசு வாங்கணுமா? எந்த பிராண்ட் நல்லது?"

பிராண்டைக் கடைசியா பாப்போம். முதல்ல நீங்க கேட்டுக்க வேண்டியது வேற. ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜை நடு டைவ்ல மூட வேண்டி வந்தா, மிச்சம் இருக்கிறதை வெச்சு மூச்சு விட்டு, மிதப்பைச் சரி பண்ணி, மேல வர முடியுமா? இதுக்கு "முடியும்"னு பதில் வர்ற மாதிரிதான் எல்லாத்தையும் தேர்ந்தெடுக்கணும்.

யோக் (வால்வைச் சுத்திக் கவ்விப் பிடிக்கிற ஃபிட்டிங்) வேண்டாம், டின் ஃபிட்டிங் எடுங்க. யோக்ல ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) வால்வு முகத்துல சும்மா உக்காந்திருக்கு. மேல எங்கயாவது இடிச்சா அது நகர்ந்து காத்து பீறிட்டு வெளியேறும். டின்ல ரெகுலேட்டர் வால்வுக்குள்ளேயே திருகிப் போகுது, ஓ-ரிங்கும் உள்ள சிறைப்பட்டிருக்கு. 300 பார் டின் வாங்கினா அது 232 பார் வால்வுலயும் பொருந்தும், மாத்திப் பொருந்தாது. இப்ப இருக்கிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கே டின் மாத்துற கிட் கிடைச்சா, அதை மாத்தி வெச்சுக்கிட்டு, அதே மாடல்ல இன்னொண்ணு வாங்கினா போதும்.

ட்வின்செட்டுக்கு ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வேணும், ஒரு போஸ்டுக்கு (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மாட்டுற வால்வு முனை) ஒண்ணு. இதுல எந்த ஹோஸ் எந்தப் பக்கம்ங்கிறதை நிறைய பேர் விருப்பப்படி வெச்சுக்கலாம்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க, ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. வலது போஸ்ட்ல 2.1 மீட்டர் லாங் ஹோஸ், விங் (முதுகுல இருக்கிற மிதவைப் பை) இன்ஃப்ளேட்டர், அதாவது காத்து நிரப்புற ஹோஸ். இடது போஸ்ட்ல கழுத்துல தொங்குற பேக்கப் செகண்ட் ஸ்டேஜ், ட்ரைசூட் (உடம்பு நனையாம காக்கிற உடை) இன்ஃப்ளேட்டர், பிரஷர் கேஜ். நீங்க முன்னால நீந்தும்போது வால்வு குமிழ் (குகை, மூழ்கின கப்பல் மாதிரி இடத்துல) மேல் கூரையில உரசினா, இடது குமிழ் மூடுற பக்கம் சுத்தும், வலது திறக்கிற பக்கம் சுத்தும். அதனால வாயில இருக்கிறது, இன்னொருத்தருக்கு நீட்டுறது, ரெண்டுக்கும் பொதுவான லாங் ஹோஸ் வலது பக்கம். விங்கும் ட்ரைசூட்டும் வேற வேற போஸ்ட்ல இருக்கிறதால, எந்தப் பக்கத்தை மூடினாலும் மிதப்புக்கு ஒரு வழி மிஞ்சும். மூச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க, ஆனா கேஜ் முள் இறங்கவே இல்லையா? இடது போஸ்ட் மூடியிருக்கான்னு உடனே கை வெச்சுப் பாருங்க.

அதனால வாங்கும்போது போர்ட் (ஹோஸ் மாட்டுற துளை) எத்தனைங்கிறதை விட, அது எந்தத் திசை பாக்குதுங்கிறதைப் பாருங்க. ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு ரெண்டு லோ பிரஷர் ஹோஸ்தான், நாலு போர்ட் தாராளம். ஆனா வால்வுல மாட்டின பிறகு ஹோஸ் எல்லாம் கீழ்நோக்கி இறங்கணும். பக்கவாட்டுல விரிஞ்சு நின்னா எதுலயாவது மாட்டிக்கும். முடிஞ்சா உங்க மேனிஃபோல்ட்லயே (ரெண்டு சிலிண்டரையும் இணைக்கிற குழாய்) மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு தப்பை அடிக்கடி பாக்குறோம். லாங் ஹோஸ்ல நல்லதைப் போட்டுட்டு, கழுத்துல மலிவான ஆக்டோபஸைத் தொங்க விடுறாங்க. யோசிச்சுப் பாருங்க, காத்து தீர்ந்தவருக்கு வாயில இருக்கிறதைக் குடுத்த பிறகு, மிக ஆழத்துல, படபடப்போட, வேகமா மூச்சு விட்டுக்கிட்டு நீங்க இழுக்கப் போறது அந்தக் கழுத்து ரெகுலேட்டரைத்தான். 40 மீட்டர்ல காத்தோட அடர்த்தி மேற்பரப்பை விட 5 மடங்கு. ரெண்டுமே ஒரே தரத்துல, பேலன்ஸ்டா (அழுத்தம் மாறினாலும் மூச்சு இழுக்கிறது ஒரே மாதிரி) இருக்கட்டும். பேக்கப்பை மட்டும் கொஞ்சம் இறுக்கமா ட்யூன் பண்ணச் சொல்லுங்க, தொங்கும்போது தானா ஃப்ரீ ஃப்ளோ ஆகாது, அதாவது காத்து நிக்காம கொட்டாது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் டயாஃப்ரமா (உள்ளே வளையுற சவ்வு) பிஸ்டனான்னு (உள்ளே நகர்ற உருளை) கேப்பீங்க. ரெண்டுலயும் நல்ல மாடல் உண்டு. சேறு, மணல், குளிர்ந்த தண்ணின்னா சீல் பண்ணின டயாஃப்ரம்தான் எங்க பரிந்துரை, ஸ்பிரிங் பக்கம் தண்ணி போகாது. ஐரோப்பாவோட ஈஎன் 250 தரத்துல 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல, நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு ஓட்டத்துல சோதிக்கிறாங்க. ரெகுலேட்டர் மேல "10 டிகிரிக்கு மேல்"ங்கிற குறி இருந்தா அதைக் குளிர்ந்த தண்ணிக்கு எடுக்காதீங்க.

டெக்கோ பாட்டிலுக்கு (மேல வரும்போது நிக்கிற இடங்கள்ல சுவாசிக்கிற தனி சிலிண்டர்) விலை உயர்ந்தது தேவையில்லை. 6 மீட்டர்ல ஆக்ஸிஜன் சுவாசிக்க எளிமையான பிஸ்டனே போதும். ஒரு மீட்டர் ஹோஸ், 15 செ.மீ. ஹோஸ்ல சின்ன கேஜ். ஆனா 40 சதவீதத்துக்கு மேல ஆக்ஸிஜன்னா, ஆக்ஸிஜனுக்காகச் சுத்தம் பண்ணி, அதுக்கு ஏத்த ஓ-ரிங்கும் கிரீஸும் போட்டது கட்டாயம். சிலிக்கோன் கிரீஸ் கூடவே கூடாது, டைட்டானியம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் கூடாது, தீப்பிடிக்கிற ஆபத்து. வால்வை மெதுவாத் திறங்க. தண்ணியில இறங்கும் முன்னாடி ஒரு தடவை திறந்து அழுத்தம் ஏத்திட்டு மூடிடுங்க. அழுத்தம் இல்லாம கொண்டு போனா உள்ளே தண்ணி ஏறலாம்.

இப்ப பிராண்டுக்கு வருவோம். உங்க பக்கத்துல யாரு முறையா சர்வீஸ் பண்றாங்க, எதோட சர்வீஸ் கிட் தட்டுப்பாடு இல்லாம கிடைக்குது, அதுதான் உங்க பிராண்ட். எல்லாமே ஒரே மாடலா இருந்தா ஒரே உதிரிபாகம் எல்லாத்துக்கும் ஆகும். மிச்சப் பணத்துல ஒரு இன்டர்மீடியட் பிரஷர் கேஜ் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருந்து ஹோஸுக்கு வர்ற அழுத்தத்தைக் காட்டுறது) வாங்குங்க. விங் இன்ஃப்ளேட்டர் ஹோஸ்ல மாட்டி வால்வைத் திறந்து, செகண்ட் ஸ்டேஜோட பர்ஜ் பட்டனை (காத்தை வெளியேத்துற பட்டன்) நாலஞ்சு தடவை அமுக்குங்க. பெரும்பாலான மாடல்ல முள் 9 முதல் 10 பாருக்குள்ள வந்து நிக்கும், உங்க மாடலோட சரியான அளவு கையேட்டுல இருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. முள் மெல்ல ஏறிக்கிட்டே போனா உள்ளே ஹை பிரஷர் சீட் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உள்வால்வோட அடைப்பு) தேய்ஞ்சிருக்கு, சர்வீஸ் தேதி தள்ளி இருந்தாலும் அந்த ரெகுலேட்டரோட தண்ணியில இறங்காதீங்க. கேஜைக் கழட்டும் முன்னாடி வால்வை மூடி, பர்ஜ் பண்ணி அழுத்தத்தை இறக்கிடுங்க.