ஒரு பிடி மணல்

(எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணாச்சி அவர்களே, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, இந்த வயதிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வாத்தியார் ஐயா அவர்களே, பஸ் பிடித்து வந்திருக்கும் நூலகர்களே, மத்தியானத்திலிருந்து பந்தல் கட்டி, மைக் கட்டி, எல்லோருக்கும் சுக்குக் காபி கொடுத்த தம்பிமாரே, தாய்மார்களே, வணக்கம். ஐயா எழுந்து நின்று கைகூப்பினார்கள். நான்தான் ஐயா எழுந்து நிற்க வேண்டியவன்.

சிறுவயதுப் பந்தயங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பந்தயம் மூன்று வகை: வாய்ப் பந்தயம், பொருள் பந்தயம், உயிர்ப் பந்தயம். மூன்றையும் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு மூன்றாவதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

"ஆழம் தெரியாமல் காலை விடாதேலே" என்பாள் எங்கள் ஆச்சி. துண்டைத் தோளில் போட்டதும் இந்தப் பழமொழி பின்னாலேயே வரும். சரி ஆச்சி என்று சொல்லிக்கொண்டே ஓடுவோம்.

ஒரு ஐப்பசி மாதம். திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணித் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. வெள்ளம் கூடினால் ஆற்றுக்குள் கோயில் கொண்டிருக்கும் முருகனையே மேட்டில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அன்று அந்த அளவுக்கு இல்லை. என் சேக்காளி ஒருவன் கல்மண்டபத்தின் மேல் ஏறி நின்றுகொண்டான். "இங்கேயிருந்து குதிச்சு, அடியில போய் ஒரு பிடி மணல் எடுத்துட்டு வாறேன். என்னலே தருவே?" பத்து கோலிக்குண்டும் என் பம்பரமும் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, குதித்துவிட்டான்.

எண்ணினோம். பத்து. இருபது. முப்பதுக்கு மேல் யாருக்கும் குரல் வரவில்லை. அவன் கழற்றிப் போட்ட சட்டை என் கையில் இருந்தது. திடீரென்று கீழ்ப்படித்துறைப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. ஒற்றைக் கையால் நீந்தி வருகிறான். மறு கை மூடியபடியே இருக்கிறது. மஞ்சள் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த ஒரு அத்தை அவனைப் படியில் இழுத்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் தன் முந்தானையாலேயே தலையைத் துவட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் கையை விரித்தான். பருமணல், நடுவில் மிளகளவு ஒரு நத்தைக்கூடு. பம்பரத்தைச் சாட்டையோடு கொடுத்தேன்.

இப்போது அவன் மும்பையில் இருக்கிறான். போன் செய்தால் முதல் கேள்வி, "ஆத்துல தண்ணி போகுதாலே?"

போன தை மாதம் பேரனோடு வந்திருந்தான். தாத்தா கதையைக் கேட்ட பிள்ளை அதே துறையில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர்தான். நாலடி போனதும் அலறினான். காலில் ஒரு பழைய சேலை சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க வந்தது. அதோடு முடிந்துகொண்டு ஒரு வேட்டி, அப்புறம் உடைந்த பாட்டில். மணல் வரவே இல்லை. ஆச்சி சொன்ன ஆழம் அன்று கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் கிடந்ததுதான் தெரியவில்லை.

மற்ற இரண்டு வகைப் பந்தயங்கள் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை நம் மண்ணிலேயே ஓடுகிறது. அழுக்குக்கு வேறு மாநிலத்தைக் கைகாட்ட நமக்கு வழியே கிடையாது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறவர்களும், ஊர்ச் சாக்கடையைத் திருப்பிவிடுகிறவர்களும் நாம்தான். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கரையோர மரக்கிளைகளில் துணி தொங்கியதைப் பார்த்தோமே! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். துணியை விடாதே என்று பெரியவர்களுக்கு யார் சொன்னது? உடுத்திய துணிக்குக் கரையிலேயே ஒரு தொட்டி வையுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன். போகும்போது எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி முதலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். சாக்கும் கொக்கிக் கம்பும் நான் கொண்டு வருகிறேன். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் தண்ணீரில் இறங்கினால் போதும்.