மஞ்சள் பையில் போகிற சவ்வு

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் போட்டுத் தந்த இளைஞர் மன்றத் தம்பிகளே, முன்வரிசைத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். இன்று இரண்டைப் பற்றிப் பேச வந்தேன்: தொப்புள்கொடி, வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வு.

தொப்புள்கொடிக்குள் வழவழவென்று ஒரு கூழ் உண்டு. 1656-இல் அதைப் பற்றி எழுதிய தாமஸ் வார்ட்டன் பெயரில் வார்ட்டன் ஜெல்லி என்கிறார்கள். அதில் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் உண்டு. அவற்றைத் தக்கபடி வளர்த்தால் எலும்பாகும், குருத்தெலும்பும் ஆகும். கொத்தனார் சாரம் கட்டுவதுபோல ஒரு சட்டகம் செய்து, அதன்மேல் செல்களை வளர்ப்பதுதான் திசுப் பொறியியல். இதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

போன வருஷம் என் மகளுக்குப் பிரசவம். ஏழாம் மாதமே, தொப்புள்கொடியைச் சேமித்து வைக்கும் ஒரு தனியார் வங்கிக்காரர் வீடு தேடி வந்துவிட்டார். "கொடியை எங்ககிட்ட கொடுங்கம்மா, பிள்ளைக்கு ஆயுசு முழுக்கக் காவல்" என்றார். மாப்பிள்ளை சங்கிலியை அடகு வைக்கவே தயாராகிவிட்டார். நான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலைக் காட்டினேன்: கொடி இரத்தம் தவிர, கொடித் திசுவையோ நச்சுக்கொடியையோ வணிகமாகச் சேமிக்க அனுமதி இல்லை. வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் வங்கிக்காரர் கிளம்பினார். சரி, சிசேரியன் நாள் வந்தது. பேரனைப் பார்த்த கையோடு, நச்சுக்கொடித் தட்டுடன் போன நர்ஸிடம் கேட்டேன், இதை என்ன செய்வீர்கள் என்று. "மஞ்சப் பையில போட்டு எரிக்க அனுப்பிருவோம்மா." எட்டிப் பார்த்தேன். அரைக் கிலோ சதை, அதன்மேல் வெங்காயத் தோல்போல் பளபளவென்று பனிக்குடச் சவ்வு.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட சிகிச்சை முறைக்கு அந்தச் சவ்வுதான் மெத்தை. சுண்ணாம்பு பட்டுக் கருவிழி வெந்த பிள்ளையின் நல்ல கண் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் திசு எடுப்பார்கள். வெந்த கண்மேல் சவ்வை விரித்து, அந்தத் திசுவைப் பொடித்துண்டுகளாக நறுக்கி அதன்மேல் பரப்புவார்கள். அதிலிருந்து செல்கள் வளர்ந்து கருவிழியின் மேற்பரப்பில் படரும். தீக்காயத்துக்கும் இதே சவ்வைப் போர்த்துகிறார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்கிற ஊரில் இதை எரிக்கலாமா?

டாக்டர் ஐயா, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் சோதனைகளைக் கர்ப்பகாலத்திலேயே செய்துவிடுகிறீர்கள். சிசேரியனுக்கு முந்தின நாள் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சவ்வைத் திசு வங்கிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான மனு மேடை ஓரத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்து என் மகளுடையது. அடுத்த வரி காலியாக இருக்கிறது, தாய்மார்களே.