மணமான பெண்ணும் வாக்காளர் பட்டியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. தன் பெயரில் நிலமோ வீடோ இருந்த பெண்கள் அன்று மிகக் குறைவு. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் எழுத்தறிவுள்ள பெண்களோடு, சொத்துத் தகுதி உள்ளவரின் மனைவியையும் சேர்த்துக்கொண்டது. அதாவது, தாலிதான் பல பெண்களுக்கு வாக்குச்சீட்டு வாங்கித் தந்தது.

அரசியலமைப்பு வந்ததும் சொத்து, படிப்பு, திருமணம் எல்லாத் தகுதிகளும் போயின. 21 வயது நிரம்பினால் போதும் என்றானது. ஆனால் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, முக்கியமாக வட மாநிலங்களில், லட்சக்கணக்கான பெண்கள் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவாகியிருந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்றது தேர்தல் ஆணையம். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். கடுமையான முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். பெண்ணின் பெயரை எழுதாமல் இனிப் பட்டியல் இல்லை என்பது அதனால்தான் உறுதியானது.

1978-இல் பெண்ணின் திருமண வயது 18 ஆனது. வாக்களிக்கும் வயது 18 ஆனதோ 1989-இல்தான். இடைப்பட்ட காலத்தில் 18 வயதில் மணமுடித்தவள் வாக்குக்கு மூன்று ஆண்டு வரை காத்திருந்தாள்.

இன்று சிக்கல் வேறு இடத்தில். புகுந்த வீட்டுக்குப் போன பெண் அங்கே படிவம் 6 கொடுத்துவிடுகிறார். அது முதன்முறை சேர்பவர்களுக்கானது. வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. அடையாள அட்டை எண் அப்படியே தொடரும். பட்டியலில் உங்கள் பெயரோடு வரும் உறவினர் (தந்தை அல்லது கணவர்) பெயரில் திருத்தம் வேண்டுமென்றாலும் இதே படிவம்தான். தந்தை பெயரே இருக்கட்டும் என்றாலும் தடையில்லை.

முகவரிச் சான்றுதான் புதுமணப் பெண்ணுக்குத் தொல்லை. மின் கட்டண ரசீது மாமனார் பெயரில் இருக்கும். ஆதாரிலோ வங்கிப் புத்தகத்திலோ முதலில் முகவரியை மாற்றிக்கொண்டால் வேலை எளிது. வேட்புமனுத் தாக்கல் முடிந்தபின் பட்டியலில் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தின் மீது பிறர் ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசமும் உண்டு. ஆகவே தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், குடிபோனதுமே விண்ணப்பியுங்கள். சந்தேகமிருந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணை அழைக்கலாம்.