போரை வெல்வது பயிற்சியே!

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

போரில் வெற்றி தருவது தந்திரமா, பயிற்சியா? இதுதான் தலைப்பு. தந்திரத்துக்காகப் பேசிய சகோதரி, எங்கள் அணி நம்பியிருக்கும் ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸை ஒரே வரியில் தள்ளிவிட்டார். "படை நடத்தாதவர் எழுதிய புத்தகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்றார். சரி, அவர் தளபதி இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தனக்கு முந்தைய எழுத்தாளர்களான கேட்டோ, செல்சஸ், ஃப்ரான்டினஸ் எழுதியவற்றிலிருந்தும், பேரரசர்கள் அகஸ்டஸ், டிராஜன், ஹேட்ரியன் வகுத்த விதிகளிலிருந்தும் திரட்டித் தருகிறேன் என்றுதான் எழுதுகிறார். என்ன திரட்டினார் என்று பாருங்கள்.

படையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். அவனுக்கு முன்னால் ஆறடி உயர மரக்கம்பம், அசையாமல் நட்டிருக்கிறது. கையில் பிரம்பு பின்னிய கேடயம், மரவாள். இரண்டும் நிஜ ஆயுதத்தைப் போல இரண்டு மடங்கு எடை. காலையிலும் பிற்பகலிலும் அந்தக் கம்பத்தோடுதான் அவனுக்குச் சண்டை. தலைக்குக் குறிவைப்பான், விலாவுக்கு, அப்புறம் முழங்காலுக்கு. பாய்வான், பின்வாங்குவான். வெட்டாதே, குத்து என்பது பாடம். வாளை ஓங்கினால் வலக்கையும் விலாவும் எதிரிக்குத் திறந்துவிடும். வெட்டு எலும்பில் பட்டு நின்றுவிடும். குத்து இரண்டு அங்குலம் இறங்கினால் உயிர் போய்விடும். இதோடு கோடையில் ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல், அதாவது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நீச்சலும் கட்டாயம்.

தந்திரத்துக்கு எடுத்துக்காட்டாக, ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹானிபாலை எதிரணியினர் சொன்னார்கள். கி.மு. 217இல் ரோமானியத் தளபதி ஃபேபியஸ் அவரை மலைகளுக்கு நடுவே மடக்கினார். ஹானிபால் சுமார் 2,000 மாடுகளின் கொம்பில் சுள்ளியைக் கட்டித் தீவைத்து, இரவோடு இரவாக மலைமேல் ஓட்டிவிட்டார். கணவாயில் நின்ற ரோமானியக் காவல் அந்த நெருப்பைத் துரத்திப் போனது, படை தப்பித்தது. அருமையான தந்திரம், நானும் ரசிக்கிறேன். ஆனால் அந்த இருட்டில், அந்தக் கூச்சலில், மொத்தப் படையும் வரிசை குலையாமல் கணவாயைக் கடந்ததே, அதை எந்தத் தந்திரம் செய்தது?

வெஜீஷியஸ் தன் காலத்தைப் பற்றி எழுதும் இடம் வந்தால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். கி.பி. 383இல் இறந்த பேரரசர் கிரேஷியன் காலம் வரை ரோமானியக் காலாட்படை கவசம் அணிந்தது என்கிறார். பிறகு அசட்டையால் பயிற்சி விட்டுப்போனது. பழகாத உடம்புக்குக் கவசம் பாரமாகத் தெரிந்தது. முதலில் மார்புக் கவசம், அப்புறம் தலைக்கவசம் என்று கழற்றிவைக்கப் பேரரசரிடமே அனுமதி கேட்டார்கள். அப்படியே போய்க் ரோமை எதிர்த்த ஜெர்மானிய இனத்தாரான கோத்தியர்களின் வில்லுக்கு முன்னால் நின்று மாண்டார்கள்.

எதிரணி நண்பர்களே, அந்த வெற்று மார்பை நோக்கி வந்த அம்பை நிறுத்த உங்களிடம் எந்தத் தந்திரம் இருக்கிறது?